ஊர் சிறிதென்றால் பயிற்சி பெரிதாக வேண்டும்

விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த 17 வயது மாணவி ஒருவரின் மரணம் தொடர்பான வழக்கில், 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாட்டிலுள்ள எல்லாக் கல்வி நிலையங்களுக்கும் 15 வழிகாட்டு நெறிகளை அந்தத் தீர்ப்பு வகுத்தது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் இடமென்றால், வளரிளம் பருவத்தினரின் மனநலத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது அங்கே இருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். இந்த எண்ணைப் படித்த யாருக்கும் நீதிமன்றம் ஏன் இவ்வளவு தூரம் இறங்கி வந்தது என்று விளக்க வேண்டியதில்லை.

இந்த நெறி அமராவதிபுதூரையும் கட்டுப்படுத்தும். காரைக்குடியை அடுத்த இந்த ஊரில்தான் கண்ணதாசன் எட்டாம் வகுப்பு வரை படித்தார். இன்று இங்கே ஒரு பொறியியல் கல்லூரி இருக்கிறது. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பிள்ளைகள் காலையில் பஸ் ஏறி வருகிறார்கள். பக்கத்திலேயே அழகப்பச் செட்டியார் தன் சொத்தைக் கொட்டி உண்டாக்கிய காரைக்குடிக் கல்வி வளாகங்கள். ஆக, இந்த வட்டாரத்தில் மட்டும் எத்தனையோ நிறுவனங்கள் ஒரு மனநல ஆலோசகரை நியமித்தாக வேண்டும். அறை ஒதுக்குவதும் கதவில் பெயர்ப் பலகை மாட்டுவதும் ஒரு நாள் வேலை. அந்த நாற்காலியில் உட்காருகிறவர் என்ன படித்திருக்க வேண்டும், அந்தப் படிப்பு அவரிடம் என்னென்ன மாற்றத்தை உண்டாக்கியிருக்க வேண்டும் என்பதைத்தான் நாம் இன்னும் சரியாகப் பேசவில்லை.

சென்னையில் வேலை பார்க்கும் ஆலோசகருக்குத் தன் கைக்கு மீறிய ஒருவர் வந்தால், கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கிறது. கேட்டுத் தெரிந்துகொள்ள மூத்தவர்கள் இருக்கிறார்கள். அமராவதிபுதூரில் அவர் ஒற்றை ஆள். மனநல மருத்துவரைப் பார்க்க மாணவனைக் காரைக்குடிக்கோ சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அனுப்ப வேண்டும். யாரை அனுப்புவது, யாரைத் தானே பார்ப்பது, யாரை ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் வண்டி பிடித்துக் கூட்டிப்போவது என்று அவர் தனியாகத் தீர்மானிக்க வேண்டும். அதனால் முதுநிலைப் படிப்பின் முழு ஆழமும் தேவைப்படுவது சிற்றூர் ஆலோசகருக்குத்தான். நடைமுறையில், பெரிய நகரங்களில் நல்ல பயிற்சி பெற்றவர்கள் குவிகிறார்கள். சிற்றூருக்கு ஒரு சான்றிதழ் படிப்பு போதும் என்று விட்டுவிடுகிறோம்.

அந்த முதுநிலைப் பயிற்சி எதையெல்லாம் சாதிக்கப் பார்க்கிறது, அதற்குப் பின்னால் உள்ள ஆய்வு என்ன என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேட்கப் பழகுதல்

ஆலோசனை அறைக்குள் என்ன நடக்கிறது என்பது நெடுங்காலம் வெளியே தெரியாத சங்கதி. ஆலோசகர் தன் நினைவிலிருந்து எழுதும் குறிப்பு ஒன்றே சாட்சி. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கார்ல் ரோஜர்ஸ் இதை மாற்றினார். உரையாடல்களை ஒலித்தட்டில் பதிவு செய்து, ஒருவருடன் நடந்த எட்டுச் சந்திப்புகளையும் சொல்லுக்குச் சொல் 1942-ல் வெளியான தன் நூலில் அச்சிட்டார். அச்சில் வந்த முதல் முழுமையான ஆலோசனைப் பதிவு அது. பதிவுகளை உட்கார்ந்து அலசியபோது, அறிவுரை சொல்லும் பாணியில் பழகிய ஆலோசகர்கள் வந்தவரைவிட அதிகமாகத் தாங்களே பேசிக்கொண்டிருந்தது வெளிப்பட்டது. உதவி கேட்டு வந்தவருக்குப் பேச இடமே கிடைக்கவில்லை.

கேட்பது பிறவிக் குணம், சிலருக்கு வாய்க்கும் சிலருக்கு வாய்க்காது என்றுதான் பலரும் நினைத்தார்கள். 1968-ல் ஆலன் ஐவியும் அவருடைய சகாக்களும் அதைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்துக் கற்றுக்கொடுக்க முடியும் என்று காட்டினார்கள். முகம் பார்ப்பது, குரலின் வேகத்தைத் தணிப்பது, வந்தவர் எடுத்த பேச்சை விட்டு விலகாமல் இருப்பது, விரிந்த பதில் வரும்படி கேள்வி கேட்பது, கேட்டதைச் சுருக்கித் திருப்பிச் சொல்வது, உணர்ச்சியைப் பெயரிட்டுச் சொல்வது என ஒவ்வொன்றும் தனிப் பாடம். மாணவர் சில நிமிடம் பேசுவார். அதை வீடியோ எடுப்பார்கள். ஆசிரியரோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் செய்வார். சரளி வரிசை பாடிப் பழகாமல் யாரும் ஆலாபனைக்குப் போவதில்லை. இங்கேயும் அதே முறைதான். இன்று உலகின் பெரும்பாலான ஆலோசனைப் படிப்புகளின் முதல் பருவத்தில் இந்தப் பயிற்சி ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது.

பயிற்சி உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் உள்ள வித்தியாசத்தை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் வந்து உட்காருகிறான்.

“நாலு அரியர் ஆயிடுச்சு மேம். அப்பா சிங்கப்பூர்லேருந்து போன் பண்ணா எடுக்கவே பயமா இருக்கு.”

நல்ல மனம் படைத்த யாரும் சொல்லக்கூடிய பதில் இது: “அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா, உக்காந்து படிச்சா எல்லாம் கிளியர் ஆயிடும். அப்பா உனக்காகத்தானே அங்க போயி கஷ்டப்படறாரு?” தைரியம் சொல்வதாக நினைத்துத்தான் சொல்கிறார்கள். பையனுக்கோ, ஏற்கெனவே அழுத்திக்கொண்டிருக்கும் குற்ற உணர்வின் மேல் இன்னொரு கல் ஏறுகிறது. “சரி மேம்” என்று எழுந்து போய்விடுவான். இன்னொரு பதில்: “எந்தெந்தப் பேப்பர் போச்சு? ஏன் போச்சு?” இப்போது பேச்சு விசாரணையாகிவிட்டது. பயம் என்று அவன் சொன்னது காற்றோடு போயிற்று.

பயிற்சி பெற்றவர் இப்படிச் சொல்லக்கூடும்: “போன் அடிக்கும்போதே பயம் வந்துடுது. எடுத்தா என்ன நடக்கும்னு தோணுது?” அவன் சொன்ன சொல்லையே பிடித்துக்கொண்டு, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவனையே பார்க்க வைக்கிறார். பிறகு பேசாமல் இருக்கிறார். அந்த மௌனத்தில் சில விநாடிகள் தாக்குப்பிடிப்பதுதான் புதிய மாணவர்களுக்கு மிகக் கடினமான பாடம். பதற்றத்தில் நாமே எதையாவது சொல்லி நிரப்பிவிடுவோம். அவன் அப்போதுதான் வாயெடுப்பான்: “அப்பா திட்ட மாட்டாரு மேம். அழுவாரு.” பிரச்சினை எங்கே இருக்கிறது என்பது இந்த இடத்தில்தான் தெரிய வருகிறது.

உறவும் உடன்பாடும்

கேட்பது மட்டும் போதாது. எட்வர்ட் போர்டின் 1979-ல் எழுதிய ஒரு கட்டுரையில், எந்தச் சிந்தனை மரபைச் சேர்ந்த சிகிச்சையானாலும் பலிப்பதற்கு மூன்று பொதுவான அடிப்படைகள் உண்டென்றார்: இருவருக்கும் இடையிலான நம்பிக்கை, எதை அடையப் போகிறோம் என்பதில் உடன்பாடு, அதற்கு என்ன செய்யப் போகிறோம் என்பதில் உடன்பாடு. இதை அளக்கக் கேள்வித்தாள்கள் வந்தன. 2018-ல் 295 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, 30,000-க்கும் மேற்பட்டோரின் தரவுகளைப் பார்த்ததில், இந்தக் கூட்டுறவு வலுவாக இருந்த இடங்களில் பலனும் கூடுதலாக இருந்தது. தொடர்பின் அளவு நடுத்தரமானதுதான். ஆனால் பல நாடுகளிலும் பல வகைச் சிகிச்சைகளிலும் அது தவறாமல் தென்பட்டது.

நம் மாணவன் விஷயத்தில் இது எப்படி வேலை செய்யும்? கல்லூரி அவனை அனுப்பியது அரியர் குறைய வேண்டும் என்பதற்காக. அவன் வந்தது அப்பாவின் போனை எடுக்க முடியவில்லை என்பதற்காக. ஆலோசகர் முதல் குறிக்கோளைப் பிடித்துக்கொண்டால் அவன் இரண்டாம் முறை வரமாட்டான். “முதல்ல அப்பாகிட்ட பேசறதைப் பத்திப் பார்க்கலாமா, படிப்பைப் பத்திப் பார்க்கலாமா?” என்று அவனிடமே கேட்டு முடிவு செய்யப் பழக்குவது பயிற்சியின் அடுத்த குறிக்கோள்.

கண்டறிதல், எல்லை அறிதல்

நம் ஊரில் மனக்கஷ்டம் பெரும்பாலும் உடம்பின் வழியாகத்தான் பேசும். “நெஞ்சு படபடங்குது”, “தலை பாரமா இருக்கு”, “ஒடம்பெல்லாம் எரியுது”, “சோறு இறங்கல” என்றுதான் வருவார்கள். மனச்சோர்வு என்று யாரும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. இதில் இரண்டு பக்கமும் ஆபத்து உண்டு. மனத்தின் வலியை வெறும் உடல் நோவாக எண்ணி விட்டமின் மாத்திரையோடு அனுப்பிவிடலாம். தைராய்டு சுரப்புக் குறைவோ ரத்தசோகையோ தரும் சோர்வை மனப் பிரச்சினை என்று எண்ணி மாதக்கணக்கில் பேசிக்கொண்டும் இருக்கலாம். முதுநிலைப் படிப்பு மனநோய்களின் அறிகுறிகளைக் கற்றுத்தருவதோடு, மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டிய நேரம் எது என்பதையும் கற்றுத்தர வேண்டும்.

இதற்கு உதவும் எளிய கருவிகள் உண்டு. 2001-ல் வெளியான பி.எச்.கியூ-9 என்ற வினாப்பட்டியல் தமிழிலும் இருக்கிறது. கடந்த இரண்டு வாரத்தில் ஆர்வமின்மை, தூக்கம், பசி, களைப்பு, கவனம் போன்றவை எப்படி இருந்தன என்று ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மனச்சோர்வு இருக்க வாய்ப்புண்டு, நேரில் விரிவாகப் பார்க்க வேண்டும் என்று பொருள். தாளை நிரப்பி வாங்க யாராலும் முடியும். ஒன்பதாவது கேள்விக்கு மாணவன் பூஜ்யத்துக்குப் பதில் வேறெதையாவது வட்டமிட்டால் என்ன செய்வது என்பதற்குத்தான் பயிற்சி. செத்துப்போகலாம் என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ தோன்றியதா என்பது அந்தக் கேள்வி.

பலரும் அந்தக் கேள்வியைக் கேட்கவே அஞ்சுவார்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம். நியூயார்க் மாநிலத்தின் ஆறு உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 மாணவர்களிடம் நடந்த சோதனையின் முடிவு 2005-ல் வெளியானது. தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்கப்பட்ட மாணவர்களுக்கும் கேட்கப்படாதவர்களுக்கும் அதன்பின் மன உளைச்சலில் வித்தியாசம் எதுவும் இல்லை. கேள்வி ஆபத்தை உண்டாக்கவில்லை. ஆகவே நேரடியாக, நிதானமாக, முகம் சுளிக்காமல் கேட்கும் விதத்தை வகுப்பில் திரும்பத் திரும்ப ஒத்திகை பார்க்க வேண்டும். ஆம் என்று பதில் வந்தால் அடுத்து என்ன கேட்பது, அன்று இரவு அவனோடு யார் இருப்பார்கள், வீட்டில் பூச்சிமருந்து டப்பா எங்கே இருக்கிறது, மாத்திரைகளை யார் எடுத்து வைப்பார்கள் என்பதை அவனோடு சேர்ந்தே எழுதி முடிக்கக் கற்க வேண்டும்.

பூச்சிமருந்தைப் பற்றிக் கேட்பது சம்பிரதாயமான கேள்வி இல்லை. சென்னையில் 1986-ல் ‘ஸ்நேகா’ தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமாரின் குழு, கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதிக் கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொது இடத்துப் பெட்டகங்களில் பூட்டி வைக்கும் ஏற்பாட்டைச் சோதித்துப் பார்த்தது. தற்கொலை எண்ணம் பெரும்பாலும் அலைபோல எழுந்து தணிவது. அந்த நேரத்தில் கையெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாவிட்டால் உயிர் தப்ப வாய்ப்பு அதிகம். சிவகங்கை போன்ற விவசாய மாவட்டத்தில் ஆலோசகராகப் போகிறவர் இதை அறியாமல் பட்டம் வாங்கக் கூடாது.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு, மாறாக நிரூபிக்கப்படாத வரை, தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. ‘போலீஸ் கேஸ் ஆகிவிடும்’ என்று பயந்து பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டுபோகத் தயங்கும் பெற்றோரிடம் இதைத் தெளிவாக எடுத்துச் சொல்ல ஆலோசகருக்குத் தெரிய வேண்டும்.

ஊரையும் குடும்பத்தையும் படித்தல்

முதுநிலை மாணவர்கள் கற்கும் பயனுள்ள பயிற்சிகளில் ஒன்று குடும்ப வரைபடம். மூன்று தலைமுறையை ஒரு தாளில் வரைந்து, யாரோடு யார் நெருக்கம், யாரோடு யார் பேசுவதில்லை, யார் பிரிந்து போனார், குடும்பத்தில் முன்பு யாருக்கு நோய் இருந்தது என்று கோடுகளால் குறிப்பார்கள். பாடநூலில் வரும் உதாரணங்கள் அம்மா, அப்பா, இரண்டு பிள்ளைகள். செட்டிநாட்டில் அந்த வரைபடத்தை வரைந்தால் வேறு மாதிரி விரியும். சுவீகாரம் போன பிள்ளை இருப்பார். அவருக்கு இரண்டு வீடு, இரண்டு அம்மா. கண்ணதாசனே சிறு வயதில் சுவீகாரம் கொடுக்கப்பட்டவர்தான். ஒரு காலத்தில் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போன ஆண்கள், இன்று சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போகிறவர்கள், வருடக்கணக்கில் போனில் மட்டுமே இருக்கும் அப்பாக்கள், வீட்டை ஆளும் அப்பத்தா, முடிவுகளை எடுக்கும் தாய்மாமன் என எல்லோரும் அந்தத் தாளில் இடம்பெற வேண்டும். அரியர் வைத்த மாணவனின் பயத்துக்கு வேர் அந்த வரைபடத்தில்தான் இருக்கும்.

ஆலோசகரின் சொந்தச் சாதி, வர்க்கம், மொழி, மதம் அறைக்குள் அவரோடு வந்து உட்காரும். வேறு சாதியில் காதலித்ததற்காக வீட்டில் அடிவாங்கிய பெண் வந்து நின்றால், ‘பெத்தவங்க சொல்றதைக் கேட்டா என்ன’ என்று உள்ளே ஒரு குரல் எழும்பலாம். அந்தக் குரலை அடையாளம் கண்டு, அது தன் வாய்க்கு வராமல் பார்த்துக்கொள்ளும் பழக்கம் தானாக வராது. தன்னையே ஆராயும் குறிப்பேடுகள், குழு உரையாடல்கள் எல்லாம் படிப்பில் இருப்பது அதற்காகத்தான்.

ஊரின் நம்பிக்கைகளோடு எப்படிப் பழகுவது என்பது இன்னும் நுட்பமான பாடம். பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்தின் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் வெந்து இறந்தார்கள். அவ்வூர் தர்காவை நாடி வந்த குடும்பங்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பி விட்டுப்போன இடம் அது. அந்த மரணங்களுக்குப் பிறகு தமிழகத்தில் நடந்த முயற்சிகளில் மதிப்பு வாய்ந்தது, தர்காவுக்கு வருகிறவர்களுக்கு அங்கேயே மனநல மருத்துவமும் கிடைக்கச் செய்த ஏற்பாடு. தொழுகையை விடு, மருந்தைச் சாப்பிடு என்று யாரும் சொல்லவில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கின்றன. குலதெய்வக் கோயிலில் பூசை போட்டுவிட்டு வந்த குடும்பத்திடம் ஆலோசகர் இதே மரியாதையோடு பேச வேண்டும். அடிப்பதும் கட்டிப்போடுவதும் நடக்கிறது என்று தெரிந்தால் அங்கே உறுதியாகத் தடுக்கவும் வேண்டும்.

ரகசியம் காத்தல்

பெருநகரத்தில் ஆலோசகரும் வந்தவரும் மறுபடி எங்கும் சந்திக்காமலே இருக்கலாம். அமராவதிபுதூரில் அடுத்த நாள் காலையில் ஒரே பஸ்ஸில் பக்கத்து சீட். கல்யாண வீட்டுப் பந்தியில் எதிர் இலை. மாணவியின் அத்தை ஆலோசகருக்குத் தெரிந்தவராக இருப்பார். “அந்தப் பொண்ணு ஒங்ககிட்ட வந்துச்சாமே, என்ன விஷயம்?” என்று சாதாரணமாகக் கேட்பார். கல்லூரித் தாளாளர் கேட்பார். துறைத் தலைவர் கேட்பார். வாய் தவறிச் சொன்ன ஒரே ஒரு வார்த்தை போதும். அதன் பிறகு அந்த அறைக்குள் எந்த மாணவியும் வரமாட்டாள்.

மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை பெறுபவரின் ரகசியத்தை உரிமையாகவே வைத்திருக்கிறது. சட்டப் பிரிவை மனப்பாடம் செய்வதால் அது காக்கப்படாது. நல்ல படிப்பு அதை நடைமுறையாகப் பழக்கும். முதல் சந்திப்பின் முதல் ஐந்து நிமிடத்திலேயே, “இங்க நீ சொல்றது வெளியில போகாது. உன் உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னா மட்டும் தேவைப்பட்டவங்ககிட்ட சொல்லுவேன், அதையும் உனக்குத் தெரியாம செய்யமாட்டேன்” என்று சொல்லப் பழக வேண்டும். வெளியில் சந்தித்தால் யார் முதலில் பேசுவது என்பதையும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். தாளாளரிடம் என்ன சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதை வேலையில் சேரும் அன்றே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். நகரத்துப் பாடநூல்கள் தொழில் உறவோடு ஊர் உறவு கலப்பதைத் தவிர் என்று சொல்லி முடித்துவிடுகின்றன. சிற்றூரில் தவிர்க்கவே முடியாது. கலக்கும் உறவைக் கையாளும் வழி தெரிந்தாக வேண்டும்.

மேற்பார்வை: பயிற்சியின் முதுகெலும்பு

அனுபவம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்போம். 2016-ல் வெளியான ஓர் ஆய்வு 170 சிகிச்சையாளர்களையும் அவர்களிடம் வந்த 6,591 பேரையும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. ஆண்டுகள் ஏற ஏறச் சராசரியாக அவர்களுடைய பலன் கூடவில்லை; மிக லேசாகக் குறைந்தது. சிலர் மட்டும் முன்னேறினார்கள்.

ஏன் அப்படி? 2005-ல் வெளியான இன்னோர் ஆய்வில் விடை இருக்கிறது. தங்களிடம் வந்த 550 பேரில் யார் யாருடைய நிலைமை மோசமாகும் என்று கணிக்கும்படி 40 சிகிச்சையாளர்களைக் கேட்டார்கள். மூன்று பேர் என்று சொன்னார்கள். உண்மையில் 40 பேரின் நிலைமை மோசமானது. அவர்கள் சொன்ன மூன்றில் ஒன்றுதான் சரி. தன் வேலை பலிக்கவில்லை என்பது ஆலோசகரின் கண்ணுக்குத் தானாகத் தெரிவதில்லை. யாராவது காட்ட வேண்டும், அல்லது வந்தவரிடமே ஒவ்வொரு முறையும் எழுத்தில் கேட்டு அளந்து பார்க்க வேண்டும்.

மேற்பார்வை என்ற ஏற்பாடு இதற்காகத்தான். வந்தவரின் சம்மதத்தோடு எடுத்த பதிவை மூத்தவரோடு உட்கார்ந்து கேட்பது. இந்த இடத்தில் ஏன் பேச்சை மாற்றினாய், அப்போது உனக்குள் என்ன ஓடியது என்று அவர் நிறுத்தி நிறுத்திக் கேட்பது. இந்த முறையை 1960-களில் நார்மன் கேகன் அமெரிக்காவில் வகுத்தார். அங்கே ஆலோசனைப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு, முதுநிலை மாணவர் முதலில் 100 மணி நேரம் களப்பயிற்சி பெற வேண்டும், அதில் 40 மணி நேரமாவது நேரடியாக மக்களைப் பார்க்க வேண்டும் என்கிறது. அடுத்து 600 மணி நேரம் பணிப்பயிற்சி. அதில் 240 மணி நேரம் நேரடிச் சந்திப்பு. இவ்வளவும் மேற்பார்வையின் கீழ். இந்த மணிக்கணக்கு இல்லாமல் எத்தனை தாள் எழுதினாலும் பட்டம் கிடையாது.

நம் நாட்டு நிலவரம்

இந்தியாவில் மருத்துவ உளவியலாளருக்கு ஒரு பாதை இருக்கிறது. பெங்களூரின் இன்றைய நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் 1950-களிலேயே அந்தப் பயிற்சி தொடங்கியது. 1992-ஆம் ஆண்டின் சட்டப்படி இந்திய மறுவாழ்வு கவுன்சில் அவர்களைப் பதிவு செய்கிறது. ஆலோசகர்களுக்கு அப்படியொரு கட்டாயப் பதிவு வெகுகாலம் இல்லை. 2021-ல் வந்த துணை மருத்துவ, சுகாதாரத் தொழிலர் தேசிய ஆணையச் சட்டம்தான் உளவியலாளர்களையும் பலவகை ஆலோசகர்களையும் ஒரே பட்டியலுக்குள் கொண்டுவந்தது. அது முழுமையாக நடைமுறைக்கு வரும் வேலை இன்னும் முடியவில்லை. இடைப்பட்ட காலத்தில் இரண்டு மாத வகுப்பு முடித்தவரும் இரண்டு வருடம் படித்தவரும் ஒரே பெயர்ப் பலகையை மாட்டிக்கொள்கிறார்கள்.

2025-ல் பல்கலைக்கழக மானியக் குழு, உளவியலைத் தொலைநிலையிலும் இணைய வழியிலும் இனி நடத்தக் கூடாது என்று அறிவித்தது. வேலை பார்த்துக்கொண்டே படித்த பெண்களுக்கும் சிற்றூர் மாணவர்களுக்கும் இது பெரிய இழப்புதான். ஆனாலும் அதன் காரணம் நியாயமானது: அழும் ஒருவர் எதிரே உட்காரும் கலையைத் தபாலில் வந்த புத்தகத்தில் கற்க முடியாது. சென்னை சமூகப் பணிக் கல்லூரி போன்ற இடங்களில் நேரடி முதுநிலைப் படிப்புகள் இருக்கின்றன. தென்மாவட்டங்களில் அத்தகைய இடங்கள் பெருக வேண்டும். மூடிய கதவுக்குப் பதிலாக, கட்டணம் குறைந்த, களப்பயிற்சியோடு கூடிய ஒரு கதவைக் காரைக்குடி வட்டாரத்தில் திறந்தால்தான் அந்த அறிவிப்பு முழு நியாயம் பெறும்.

இவ்வளவு பயிற்சி எதற்கு, சாதாரண மக்களே இதைச் செய்கிறார்களே என்று ஒரு கேள்வி எழும். கேட்க வேண்டிய கேள்விதான். கோவாவில் டாக்டர் விக்ரம் படேலின் குழு, உளவியல் பட்டம் இல்லாத உள்ளூர்வாசிகளுக்குப் பயிற்சி தந்து, கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களோடு ஆறு முதல் எட்டுச் சந்திப்புகள் நடத்த வைத்தது. 2017-ல் வெளியான முடிவின்படி, மூன்று மாதத்தில் அவர்களிடம் போனவர்களில் 64 சதவீதம் பேர் குணமடைந்திருந்தார்கள்; மேம்படுத்தப்பட்ட வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம். பெருமைப்பட வேண்டிய சாதனை இது. ஆனால் அவர்களுக்கு எழுதி வைத்த செயல்முறை ஒன்று இருந்தது, ஒரு குறிப்பிட்ட நோய்க்கு மட்டும். அவர்களுடைய பதிவுகளை வாராவாரம் கூடிக் கேட்டு மதிப்பிட்டார்கள். பின்னால் நிபுணர்கள் இருந்தார்கள். அந்தப் பின்பலம் சிவகங்கை மாவட்டத்தில் யாரால் வரும்? முதுநிலைப் பயிற்சி பெற்ற ஆலோசகரால்தான் வர முடியும். அவர் தன் அறையில் மாணவர்களைப் பார்ப்பதோடு, ஆசிரியர்களுக்கும் விடுதிக் காப்பாளர்களுக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் சொல்லிக்கொடுத்து மேற்பார்வை செய்யும் ஆளாக வேண்டும். படிப்பின் கடைசிக் குறிக்கோள் அது.

ஆகவே ஆலோசகரை நியமிக்கும் தாளாளர்களும், இந்தப் படிப்பில் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோரும், சேர நினைக்கும் மாணவர்களும் சில கேள்விகளைக் கூச்சமில்லாமல் கேட்க வேண்டும். எத்தனை மணி நேரம் நேரடியாக மக்களைப் பார்க்கும் பயிற்சி உண்டு? பதிவைக் கேட்டுத் திருத்தும் மேற்பார்வையாளர் யார், வாரம் எத்தனை முறை? தற்கொலை ஆபத்தைக் கண்டறியும் பயிற்சி எப்படி நடக்கிறது? மனநல மருத்துவமனையில் எத்தனை நாள்? தமிழில் பேசிப் பழகும் வகுப்பு உண்டா? பட்டம் வாங்கிய பிறகும் மேற்பார்வைக்கு யாரிடம் போகலாம்? வேலை கொடுக்கிறவர் இன்னொன்றையும் தன்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்த ஆலோசகர் மாதம் ஒரு முறை ஒரு மூத்தவரிடம் போய்வர நான் விடுப்பும் பஸ் கட்டணமும் தருவேனா?

இவற்றுக்கு நேரான பதில் வந்தால் அந்தப் படிப்பை நம்பலாம், அந்த நியமனத்தை நம்பலாம். வராவிட்டால், பயிற்சி இல்லாத ஒருவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு ஆபத்தில் இருக்கும் பிள்ளைகளை அவரிடம் அனுப்பிக்கொண்டிருப்போம். அதுவரை யாரும் உதவியில்லாமல் இருக்க வேண்டியதில்லை. 14416 என்ற எண்ணில் அரசின் மனநல ஆலோசனைச் சேவை இரவும் பகலும் தமிழிலேயே கிடைக்கிறது, கட்டணம் இல்லை. அந்த எண்ணை ஒவ்வொரு வகுப்பறையிலும் எழுதி வையுங்கள். அதோடு நின்றுவிடாமல், அமராவதிபுதூரில் வேலை செய்யப் போகும் ஆலோசகருக்குச் சென்னை ஆலோசகர் பெற்ற அதே பயிற்சி வேண்டும், அதற்கு மேலும் கொஞ்சம் வேண்டும் என்று கேளுங்கள். தனியாக நின்று முடிவெடுக்கப் போகிறவர் அவர்தான்.